பழைய கேம்களும் நகல் தடுப்பும்: வாசகர் கேள்வி-பதில்

2003-ஆம் ஆண்டு வாங்கிய கேம் சிடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் விண்டோஸ் 10 கணினியில் கேம் திறக்க மறுப்பது ஏன்?

அக்காலத்து கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு இருந்தது. உங்களுடையதும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். டிரைவில் இருப்பது அசல் சிடிதானா என்று சரிபார்க்க, அது விண்டோஸின் அடித்தளத்தில் இயங்கும் ஒரு டிரைவரை (துணை நிரலை) சார்ந்திருந்தது. அந்த டிரைவரில் 2007-இல் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடமளிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. அந்த முடிவு சரியானதே. ஆனால், காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தச் சோதனையை நீக்கித் தரும் பொறுப்பைப் பல கேம் நிறுவனங்கள் ஏற்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். முதலில், நிறுவனமே வெளியிட்ட பேட்ச் (திருத்தக் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் ஜிஓஜி தளத்தில் நகல் தடுப்பற்ற பதிப்பு விற்கப்படுகிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால், இணையத்தோடு இணைக்காத பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியே நம்பகமான வழி.

எங்குமே விற்பனையில் இல்லாத கேமைப் பதிவிறக்குவதும் திருட்டுதானா?

விற்பனை நின்றதால் பதிப்புரிமை முடிந்துவிடுவதில்லை. ஆகவே சட்டப்படி அது மீறலே. ஆயினும், இன்று விற்பனையில் உள்ள கேமின் கிராக்கையும் (நகல் தடுப்பை உடைத்த பிரதியையும்) இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நூலகங்கள் இத்தகைய கேம்களைத் தொலைவிலுள்ள ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே தர அனுமதி கோரியபோது, 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது. முறையான காப்பகங்களின் கைகளே இப்படிக் கட்டப்பட்டிருப்பதால், பல கேம்கள் ஆர்வலர்கள் சேமித்த பிரதிகளில்தான் பிழைத்திருக்கின்றன.

டெனுவோ என்னும் நகல் தடுப்பு உள்ள கேமை வாங்கினால் பிற்காலத்தில் சிக்கல் வருமா?

வரலாம். 2021 நவம்பரில் டெனுவோவின் இணைய முகவரி ஒன்று காலாவதியானதால், முறையாக வாங்கியவர்களாலேயே சில கேம்களைச் சில மணி நேரம் திறக்க முடியவில்லை. விற்பனை வேகம் தணிந்ததும் சில நிறுவனங்கள் டெனுவோவை நீக்கிவிடுகின்றன. அவசரமில்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

கிராக் கோப்புக்கு ஆன்டிவைரஸ் காட்டும் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாமா?

கூடாது. அது பொய் எச்சரிக்கையா மெய்யா என்று வீட்டில் இருந்தபடி உறுதிசெய்ய வழியில்லை.

என்னிடம் உள்ள பழைய கேம்களில் எதையெல்லாம் பாதுகாக்க வேண்டும்?

சிடியின் முழு இமேஜ் (சிடியை அப்படியே நகலெடுத்த கோப்பு), சீரியல் எண், பேட்ச் கோப்புகள் ஆகியவற்றோடு கையேட்டையும் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். 1990-களின் தொடக்கம் வரை வந்த கேம்கள் சில, கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட வரியிலுள்ள சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் மேற்கொண்டு நகரும்.