வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு: நேர்காணலுக்குப் போகும் செவிலியருக்கு

பொது மருத்துவ வார்டில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. "வென்டிலேட்டரையே நான் கையாண்டதில்லை, கேட்டால் என்ன சொல்வேன்?" என்பது உங்கள் கவலை. உங்களுக்கு அந்த அனுபவம் இல்லை என்பது விண்ணப்பத்திலேயே தெரிகிறது. அதைப் படித்த பிறகுதான் அழைத்திருக்கிறார்கள். ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உங்களிடம் தேடுவது வேறு: நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போதே கண்டுகொள்ளும் கண், தன் அறிவுக்கு எட்டாத இடம் வந்ததும் தயங்காமல் ஆளைக் கூப்பிடும் குணம். தயாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, உங்கள் வார்டில் திடீரென்று மோசமான மூன்று நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதுங்கள். பெயரோ அடையாளமோ வேண்டாம். நேர்காணலிலும் சொல்லக் கூடாது. எது முதலில் உங்கள் கண்ணில் பட்டது, எந்த அளவு மாறியது, யாரிடம் சொன்னீர்கள், அடுத்து என்ன நடந்தது என்பதை எழுதினால் போதும். மூச்சு எண்ணிக்கையை மறக்காமல் சேருங்கள். பல வார்டுகளில் முழு நிமிடம் எண்ணாமல் குத்துமதிப்பாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு பெரும்பாலும் வேகமெடுத்துவிடும். பிரிட்டனில் 2012இல் அறிமுகமான முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண் ஏறிவிடும்; மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம். இதன் அருமை தெரிந்தவராக நீங்கள் பேசினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு அந்த அனுபவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூட, "ஒரு நோயாளி ரொம்ப சீரியஸாக இருந்தார், நான் டாக்டரைக் கூப்பிட்டேன்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் செய்த நல்ல வேலை அந்த ஒரு வரியில் மறைந்துபோகிறது. சூழல், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற 'எஸ்பார்' வரிசை மருத்துவமனைகளில் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். உதாரணமாக: "நோயாளியின் மூச்சு ஒரு மணி நேரத்தில் 18இலிருந்து 28 ஆகிவிட்டது. நிமோனியாவுக்காக நேற்று சேர்க்கப்பட்டவர். ஆக்சிஜன் செறிவு 89, ரத்த அழுத்தம் 84/50, புதிதாகப் பேச்சில் குழப்பம். செப்சிஸோ என்று அஞ்சுகிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் தொடங்கிவிட்டேன், ரத்தக் கல்ச்சருக்குத் தயார் செய்யட்டுமா?" அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். (செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் கட்டுப்பாடின்றி எதிர்வினை காட்டி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை; ரத்தக் கல்ச்சர் என்பது ரத்தத்தில் கிருமியைத் தேடும் சோதனை.)

புதிய பிரிவின் அடிப்படைகளில் கொஞ்சம்தான் படிக்க வேண்டும், ஆனால் அதைத் தெளிவாகப் படிக்க வேண்டும். மேலே சொன்ன நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் அழுத்தத்தை இரட்டித்து, மேல் அழுத்தத்தோடு கூட்டி, மூன்றால் வகுத்தால் சராசரி ரத்த அழுத்தம் கிடைக்கும். இவருக்கு அது ஏறத்தாழ 61. செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்துவிடும் செப்டிக் ஷாக்கில் முதல் இலக்காக வைப்பது 65. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோராட்ரினலின் சொட்டு மருந்து ஏன் தேவைப்படுகிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிடும். நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் அதிகபட்சம் கண் 4, பேச்சு 5, அசைவு 6, ஆக மொத்தம் 15; குழப்பமாகப் பேசுபவருக்குப் பேச்சில் 4தான்.

வென்டிலேட்டர் அலாரம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் முதல் பார்வை இயந்திரத்தின் மீது போகக் கூடாது, நோயாளியின் மீது போக வேண்டும்: மார்பு ஏறி இறங்குகிறதா, நிறம் எப்படி, செறிவு எவ்வளவு? அழுத்தம் கூடிய அலாரம் என்றால் குழாயில் சளி, மடிப்பு, நோயாளி குழாயைக் கடிப்பது போன்றவற்றை நினையுங்கள். அழுத்தம் குறைந்த அலாரம் என்றால் இணைப்பு கழன்றிருக்கலாம், கசிவு இருக்கலாம். காரணம் புரியாமல் செறிவு விழுந்துகொண்டே போனால் குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடுவது, நோயாளியை இயந்திரத்திலிருந்து பிரித்து முழு ஆக்சிஜனோடு, கையால் அழுத்தும் ஆம்பு பையால் மூச்சுக் கொடுப்பது. "இதை நான் தனியாகச் செய்ததில்லை, மூத்த செவிலியர் வரும்வரை நோயாளியை விட்டு நகர மாட்டேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வரி உங்களைக் குறைத்துக் காட்டாது. தெரிந்ததுபோல் நடிப்பவரைத்தான் அந்தப் பிரிவில் எல்லோரும் அஞ்சுவார்கள்.

"தெரியாது" என்று சொல்ல நேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பழக்கமில்லாத மருந்தைக் கொடுக்கச் சொன்னால், மருத்துவமனை நெறிமுறையைப் பார்ப்பேன், அளவை இன்னொரு செவிலியரோடு சேர்ந்து சரிபார்ப்பேன், சந்தேகம் தீராமல் மருந்து செலுத்தும் பம்பைத் தொடங்க மாட்டேன் என்று சொல்வது முழுமையான பதில். 'மாதிரி வினா விடை'த் தொகுப்புகளை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே வாக்கியத்தை அன்று காலையிலேயே பலரிடம் கேட்டிருப்பார்கள். ஏன் வார்டை விட்டு வருகிறீர்கள் என்ற கேள்விக்கு, பழைய இடத்தைப் பற்றிக் குறை சொல்லாமல், உண்மையான காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். பதிவுச் சான்றிதழ், உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளம் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: மூத்த செவிலியரோடு இணைந்து எத்தனை வாரம் பணியாற்றுவேன்? வென்டிலேட்டரில் உள்ள எத்தனை நோயாளிகளை ஒரு செவிலியர் பார்க்கிறார்? முதல் இரவு ஷிப்டு எப்போது, அன்று யாரைக் கேட்கலாம்? பயிற்சி எதுவும் இல்லை, முதல் நாளே தனியாகப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தால் அங்கேயே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். யோசிக்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.