பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் பாட்டு, சாட்சி, அறிவிப்பு எல்லாம் முடிந்து செய்திக்கு வரும்போது பதினைந்து நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதிலும் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, போதகர் தன் ஊழியக் கதைகளைச் சொல்லி முடித்துவிடுகிறார். வீட்டில் சொன்னால், "ஊழியக்காரரைக் குறை சொல்லாதே, பாட்டும் ஜெபமும் போதாதா?" என்கிறார்கள். நான் நினைப்பது தப்பா?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தப்பில்லை அம்மா. பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் அவர்களைக் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்கிறது.

பாட்டும் ஜெபமும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வசனத்தை அது இருக்கிற இடத்திலேயே வைத்து விளக்காவிட்டால், சபை பசியோடுதான் வீட்டுக்குப் போகும். இதை நான் கற்றுக்கொண்டது 'தானே' புயலில்.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புயல் கரையைக் கடந்தது. அப்போது பண்ருட்டி பக்கம் ஒரு கிராமச் சபையில் இருந்தேன். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை முன்னமே அச்சாகி வந்திருந்தது: எரேமியா 29:11. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். பிரசங்கமும் தயார். வரும் வருடம் எல்லாம் நன்மையாகவே நடக்கும் என்று எழுதி வைத்திருந்தேன். வெளியே பார்த்தால் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. கரண்ட் இல்லை. 31-ஆம் தேதி சாயங்காலம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது 5-ஆம் வசனம். எழுபது வருடம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம். அதற்கு அப்புறம்தான் 11. எழுதியதை மூடி வைத்துவிட்டு, அன்று இரவு ஆராதனையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த அதிகாரத்தையே விளக்கினேன்.

முடிந்ததும், முந்திரிக் கொல்லை முழுவதையும் இழந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயரே, நாளைக்கே எல்லாம் சரியாயிடும்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். எழுபது வருஷம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் மனசுல நின்னுச்சு" என்றார். அடுத்த மழைக்கு முந்திரிக் கன்று வைத்தார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உடனே சபை மாற வேண்டாம். முதலில் போதகரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துக் கேட்காமல், வாரநாளில் வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஐயா, பிலிப்பியர் நிருபத்தை ஒவ்வொரு அதிகாரமாக எங்களுக்கு விளக்குங்களேன்" என்று கேளுங்கள். நாலே அதிகாரம்தான். கேட்க ஆளில்லை என்று நினைத்தே சில போதகர்கள் படிப்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அப்படிச் சில வருடங்கள் போயின.