பில்லிங் சர்வருக்கு எந்த எஸ்எஸ்டி?

மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் டேட்டாபேஸுக்குச் சாதாரண எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சில்லில் தரவைச் சேமிக்கும் வட்டு) போதுமா, சர்வர் ரகம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வர் ரகத்தையே வாங்குங்கள்.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை விடுங்கள். மின்சாரம் போகும் நொடியில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். வரும் தரவைப் பல எஸ்எஸ்டிகள் முதலில் தற்காலிக நினைவகத்தில் வாங்கிவைத்து, பிறகே ஃபிளாஷ் சில்லில் எழுதுகின்றன. மின்தடைப் பாதுகாப்புள்ள சர்வர் ரகத்தில் சிறிது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கபாசிட்டர்கள் இருப்பதால், மின்சாரம் அறுந்தாலும் மிச்சத்தை எழுதி முடித்துவிடும். இதே காரணத்தால், ஒவ்வொரு பில்லுக்கும் 'பதிவாகிவிட்டதா?' என்று டேட்டாபேஸ் கேட்கும்போது சர்வர் ரக வட்டு உடனே 'ஆம்' சொல்லிவிட முடியும். சாதாரண வட்டு சில்லில் எழுதி முடிக்கும்வரை காக்கவைக்கும். பில் போடுபவர்கள் உணரும் தாமதம் பெரும்பாலும் இதுதான்.

ஆயுளையும் பாருங்கள். 1.92 டிபி (டெராபைட்) வட்டில் தினமும் ஒரு முறை முழுக் கொள்ளளவு, 5 ஆண்டு என்ற உத்தரவாதம் இருந்தால் சுமார் 3,500 டிபி எழுதலாம். சாதாரண 2 டிபி வட்டுகள் பலவற்றுக்கு 1,200 டிபிதான். ஒரு செல்லில் 4 பிட் வைக்கும் கியூஎல்சி மலிவு. பழைய கோப்புகளைச் சேமிக்க நல்லது, பில்லிங்குக்கு வேண்டாம்.

இரண்டு வட்டுகளை, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் இணையுங்கள். தவறுதலாக அழித்த பில்லை ரெய்டு மீட்டுத் தராது. பேக்கப் தனியாக வேண்டும்.