ஒரே பிள்ளையில் கரப்பானும் சொரியாசிஸும்: தோல் நோய் வைத்தியரின் பதில்கள்

கோப்பாயிலிருந்து ஒரு தாய்: டொக்டர், என் ஏழு வயது மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்த நாள் முதல் முழங்கை மடிப்பில் கரப்பான் உண்டு. இப்போது முழங்கால் சில்லிலும் தலையிலும் வெண்செதிலோடு படை எழுந்துள்ளது. முன்பு சொன்ன நோய் தவறா?

தவறென்று கொள்ள வேண்டாம், அம்மா. மடிப்புகளில் கசிந்து, நித்திரையைக் குலைக்கும் அரிப்போடு வருவது கரப்பான். முழங்காலிலும் தலையிலும் விளிம்பு தெளிந்து தடிப்பது பெரும்பாலும் சொரியாசிஸ். நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களான இன்டர்லியூக்கின்களில், முன்னதில் 4, 13 ஆகியனவும் பின்னதில் 17, 23 ஆகியனவும் மேலோங்குவதால், இவ்விரு நோயும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் சேர்ந்தே வரும் பிள்ளைகளைக் காண்கிறோம். சிறுவரில் சொரியாசிஸின் செதில் மெல்லியதாகி, முகத்திலும் மடிப்பிலும்கூடத் தோன்றுவதால், நகங்களில் ஊசி குத்தினாற்போன்ற குழிகளையும் குடும்ப வரலாற்றையும் பார்க்கிறோம்; அப்போதும் தெளியாவிடின் சிறு தோல் துண்டெடுத்துச் சோதிக்கிறோம். இதில் நான் இவ்வளவு கவனம் கேட்பதற்குக் காரணம் உண்டு: கரப்பானுக்கான டுபிலுமாப் ஊசியால் சிலருக்குச் சொரியாசிஸ் எழுந்திருக்கிறது, சொரியாசிஸுக்கான, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசிகளால் சிலருக்குக் கரப்பான் எழுந்திருக்கிறது. ஆகவே இரண்டு நோயும் இருப்பதை எந்த வைத்தியரிடமும் மறவாமற் சொல்லுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு பேத்தியார்: தொண்டைநோ மாறி இரண்டு கிழமையில் பேத்தியின் உடலெங்கும் சிறு சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஏன்?

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குப் பின் துளி வடிவச் சொரியாசிஸ் இவ்வாறு எழுவதுண்டு. தொண்டையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தந்தை: பிள்ளையின் கரப்பானுக்கு எங்கள் கிணற்று நீர்தான் காரணமா?

சுண்ணக்கல்லில் ஊறிய நம் நீர் கடினமானது. கடின நீருள்ள ஊர்களில் கரப்பான் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் 2011இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில், நீரை மென்மையாக்கும் கருவி கரப்பானுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் பயன் தரவில்லை. அந்தப் பணத்தை ஈரப்பதம் காக்கும் களிம்புக்குச் செலவிடுங்கள். குளித்துத் துவட்டிய உடனே பூசுங்கள்.

நல்லூரிலிருந்து ஒரு தாய்: பிள்ளையின் சொரியாசிஸ் ஸ்டெரொய்ட் குளிசையில் ஒரு கிழமையிலேயே மாறியது. மறுபடி வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். குளிசையை நிறுத்தியதும் சொரியாசிஸ் முன்னிலும் கடுமையாக, சிலவேளை சீழ்க்கொப்புளங்களோடு, திரும்பலாம். வைத்தியர் தந்த ஸ்டெரொய்ட் களிம்புக்கு அஞ்சி அதைக் குறைத்துப் பூசவும் வேண்டாம். வளர்ந்தவரின் விரல் நுனியளவு, ஏறக்குறைய அரைக் கிராம், விரல்களும் சேர்த்து வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

ஓர் ஆசிரியை: கரப்பானோ சொரியாசிஸோ உள்ள பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

இரண்டும் தொற்றா. அப்பிள்ளையைத் தனி வாங்கில் இருத்தியிருந்தால், நாளைக் காலையே தோழர்களின் பக்கத்தில் இருத்துங்கள்.