செயலாளர் பொறுப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: வீராணம் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 43. காட்டுமன்னார்கோயில் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். தாத்தாவுடன் மூங்கில் கோலும் மண்புழுவுமாகத் தொடங்கிய தூண்டில் பழக்கம் இன்றுவரை விடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் 22 பேர் சேர்ந்து ஒரு தூண்டில் சங்கம் தொடங்கினோம். என் மைத்துனர் தலைவர், நான் செயலாளர். மாதந்தோறும் அதிக எடையுள்ள மீனுக்குப் பரிசு கொடுக்கிறோம். சென்ற ஐப்பசியில் ஒருவர், குஞ்சுகளைக் காத்துநின்ற தாய் விராலைத் தவளை கோத்துப் பிடித்துப் பரிசு வாங்கினார். நான் ஆட்சேபித்தபோது, "போட்டி என்றால் அப்படித்தான்" என்றார் மைத்துனர். ஏரியில் வலை போடுபவர்களும் எங்களைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். விலகிவிட்டுப் பழையபடி தனியாகத் தூண்டில் போடலாமா?

பதில்: விலக வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தத் தாய் விராலைப் பார்த்து மனம் வருந்திய ஒருவர் செயலாளராக இருக்கும்வரைதான் அந்தச் சங்கத்தைத் திருத்த வழியிருக்கிறது. நீங்கள் வெளியேறினால் போட்டி தொடரும். ஆட்சேபிக்கத்தான் ஆள் இருக்காது.

உங்கள் வருத்தம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விரால் முட்டையிட்டுவிட்டு அகன்றுபோகும் மீன் அன்று. செடிகளுக்கு நடுவே இடத்தைத் துப்புரவாக்கி, மிதக்கும் முட்டைகளைக் காத்து, பொரித்த பிறகும் தாயும் தந்தையும் குஞ்சுகளுக்குக் காவலாகவே திரியும். செம்மஞ்சள் நிறத்தில் அந்தக் குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்துக்கு வந்து வந்து மறைவதை உங்கள் தாத்தாவும் உங்களுக்குக் காட்டியிருப்பார். அதன் நடுவில் தவளையை எறிந்தால், குஞ்சுகளைத் தாக்க வந்த பகை என்று நினைத்தே பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது. பசியால் கடிக்கும் மீனைப் பிடிப்பதற்கும், பிள்ளைகளைக் காக்கக் கடிக்கும் மீனைப் பிடிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் நீர்க்காகங்களும் விட்டுவைப்பதில்லை. குடமுருட்டிக் கரையில் வளர்ந்த எனக்கு, என் பெரியப்பா அந்தச் செம்படலத்தைக் கண்டதும் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு துறைக்கு நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏன் என்று கேட்டபோது, "குடித்தனம் நடக்கிற வீட்டில் நமக்கென்ன வேலை?" என்றார்.

இந்தத் தவறுக்கு அந்த உறுப்பினர் ஒருவரை மட்டும் காரணமாக்கிவிடாதீர்கள். எடைக்குப் பரிசு என்று நீங்கள் எழுதிவைத்த விதியே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மழைக்காலத்தில் எளிதில் அகப்படும் கனமான விரால், காவலுக்கு நிற்கும் விரால்தான். ஆகையால் எடைப் பரிசை நிறுத்திவிட்டு, சங்கத்துக்கு வேறு வேலை கொடுங்கள்.

அந்த வேலை ஒரு நோட்டுப் புத்தகம். யார், எந்த நாளில், எந்தத் துறையில், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எவ்வளவு நீளம் என்று எழுதி, அன்றைய ஏரி மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 47.50 அடியில் தளும்பும் ஏரிக்கும் கோடையில் வற்றிய ஏரிக்கும் மீன் எப்படி மாறுகிறது என்பது சில ஆண்டுகளில் உங்களுக்கே விளங்கும். மீன் அகப்படாத நாளையும் தவறாமல் எழுத வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் அதுதான். இது சிறு காரியம் என்று உங்கள் நண்பர்கள் நினைத்தால், உங்கள் ஏரிக்கு நீர் வரும் இதே காவிரியின் மேல்பகுதியில் நடந்ததைச் சொல்லுங்கள். கர்நாடகத்தின் கலிபோரே என்னும் இடத்தில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் பிடித்து, குறித்துக்கொண்டு, மீண்டும் ஆற்றிலேயே விட்ட மஹ்சீர் மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். காவிரிப் படுகைக்கே உரிய, திமில் முதுகு கொண்ட மஹ்சீர் அருகிப்போனதை அந்தக் கணக்கே காட்டிக்கொடுத்தது. 2018-இல் அந்த இனம், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொழுதுபோக்காகக் கோல் பிடித்தவர்களின் ஏடு இல்லாதிருந்தால் அந்த இழப்பை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

வலைக்காரர்களின் முகச்சுளிப்பை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது பெரிதாகவே படுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வட இந்தியப் பெரிய ஆறுகளின் மீன்கள். தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. ஏரி, குளங்களில் அவை அகப்படுகின்றன என்றால், யாரோ குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று பொருள். முகச்சுளிப்புக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். ஆகையால் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் சென்று, எந்தத் துறையில் கோல் போடலாம், எந்த மீனை எடுத்துச்செல்லலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தாலும், அந்தப் பதிவு சங்கத்துக்கு ஓர் உருவத்தைத் தருமே தவிர, ஏரி மீனில் பங்கு தராது. வீட்டுக் குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் சிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் வெளியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் வேண்டிய மட்டும் பெருகியிருக்கிறது. அதைக் குறைப்பதால் கெண்டைக்கும் விராலுக்கும் நன்மையே.

மற்றவை கைப்பழக்கம். தூண்டில் முள்ளின் உட்புறம் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், விட வேண்டிய மீனை அதிகக் காயமில்லாமல் விடலாம். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வருவதைச் சங்கம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். நாரையின் காலில் அது சுற்றிக்கொண்டால் அவிழ்த்துவிட யாரும் இல்லை.

மைத்துனரிடம் கூட்டத்தில் வைத்து இதைப் பேசாதீர்கள். உறவும் பதவியும் சேர்ந்த இடத்தில், நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுப்பது யாருக்கும் கடினம். ஒரு மாலை அவரைத் தனியாகக் கரைக்கு அழைத்துச் சென்று, தாத்தாவின் காலத்தில் இந்த ஏரியில் என்னென்ன மீன் கிடைத்தது என்ற பேச்சிலிருந்து தொடங்குங்கள். புரட்டாசி முடிவதற்குள் பேசிவிட்டால், ஐப்பசி மழையில் விரால் மறுபடி குஞ்சோடு திரியும்போது சங்கத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்திருக்கும்.