மாதவனை ரசித்தால் தப்பா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். ஏ.எல். கணிதப் பிரிவில் படிக்கிறேன். நானும் மச்சாளும் ‘ராக்கெட்ரி’ படத்தைப் பல தடவை பார்த்துவிட்டோம். இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் விஞ்ஞானி நம்பி நாராயணனாக மாதவன் நடித்ததைப் பற்றித்தான் எந்நேரமும் எங்கள் கதை. பௌதிகவியல் படிப்பிக்கும் சித்தப்பா எங்களைப் பகிடி பண்ணுகிறார். “உங்களுக்கு விஞ்ஞானியைப் பிடிக்கவில்லை, நடிகனைத்தான் பிடித்திருக்கிறது. படத்தில் பாதி பொய்” என்கிறார். கூட வேலை செய்தவரின் பிள்ளை செத்ததை மறைத்த மனிசனுக்குக் கைதட்டுகிறீர்களே என்றும் ஏசினார். இங்குள்ள சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட நினைத்தோம். அதையும் வேண்டாம் என்கிறார். நாங்கள் ரசித்தது தப்பா?
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகி, திருகோணமலை

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. 2000இல் ‘அலைபாயுதே’ வந்தபோது மாதவனுக்காக நாங்கள் போட்ட ஆட்டத்தை உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லுவா. அதோடு பார்த்தால், நரைத்த தாடியோடு நாற்காலியில் இருந்து கதைக்கும் மாதவனை நீங்கள் ரசிப்பது மிகவும் கௌரவமான ரசனை.

நடிகரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். எழுதி, இயக்கி, தயாரிப்பிலும் பங்கெடுத்து, வாலிபத்திலிருந்து முதுமை வரை ஒரே மனிதராக நின்று, அதையும் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் எடுத்தார் அவர். 2023இல் அறிவிக்கப்பட்ட இந்திய தேசிய விருதுகளில் சிறந்த படம் இதுதான். சிறந்த நடிகர் விருது அல்லு அர்ஜுனுக்குப் போனது. மச்சாளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு முற்பாதியில் கொஞ்சம் குறை உண்டு. நம்பி போகிற இடமெல்லாம் கதவு தானாகத் திறக்கிறது. ஸ்கொட்லாந்துப் பகுதியில் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள சாமான்களைக் கதைத்தே வாங்கிவிடுகிறார். அந்த இடங்களில் இயக்குநர் மாதவனுக்கு நடிகர் மாதவனில் ஆசை கூடிவிட்டது.

இனி, சித்தப்பா ஏசிய காட்சி. பிரான்ஸில் வேலை நடக்கும்போது, நம்பியோடு வேலை செய்யும் உன்னியின் குழந்தை ஊரில் இறந்துபோகிறது. வேலை குழம்பிவிடும் என்று நம்பி அந்தச் செய்தியை அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார். உண்மை வெளிப்படும்போது பார்க்கிற நமக்கே வயிறு கலங்குகிறது. சித்தப்பா சொல்வது சரி, அது பெரிய கொடுமை. ஆனால் படத்திலேயே நல்ல நடிப்பு இருப்பது அங்கேதான் என்பது என் எண்ணம். தான் செய்தது சரியென்று நம்பும் ஒருவரை, நம்மிடம் மன்னிப்புக் கேட்க வைக்காமல், மாதவன் அப்படியே காட்டுகிறார். நம்பியை வெள்ளையடித்து நல்லவராக்க நினைத்திருந்தால் அந்தக் காட்சியையே தூக்கியிருக்கலாம். கைதட்டுவது அந்தச் செயலுக்கு இல்லை, அதை மறைக்காமல் நடித்ததற்கு என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அவர் அப்போதும் முறைப்பார். முறைக்கட்டும்.

‘பாதி பொய்’ என்பதைத்தான் நீங்கள் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. ஒன்று, வழக்கு. ரொக்கட் இரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டில் 1994 நவம்பர் 30இல் நம்பி நாராயணன் கைதாகி 50 நாள் சிறையில் இருந்தார். அந்த உளவுக் குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று 1996இல் இந்தியாவின் மத்திய புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ. சொன்னது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் இந்திய ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2019இல் பத்ம பூஷண் கிடைத்தது. இந்தப் பகுதியில் சித்தப்பா வாதாட இடமில்லை.

மற்றது, விண்வெளி வேலையில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது. படம் வந்த 2022இலேயே இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் திருவனந்தபுரத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, படத்தில் வரும் பல விஷயங்கள் நடந்தவை அல்ல என்றார்கள். நம்பி கைதானதால்தான் கிரையோஜெனிக் இயந்திரம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ரொக்கட் இயந்திரம், தாமதமானது என்பதையும் மறுத்தார்கள். ஒரு ரொக்கட் இயந்திரத்தின் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். சினிமாவுக்கு ஒரு கதாநாயகன்தான் தேவை. மற்றவர்கள் தங்கள் உழைப்பு எங்கே என்று கேட்பது நியாயம்தானே? அநியாயமாகச் சிறைக்குப் போனவர் என்பதற்காக, எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார் என்று ஆகிவிடாது. நீங்கள் நம்பிக்காக அழலாம், அப்புறம் கணக்கும் கேட்கலாம்.

மாதவனிடமும் கணக்குக் கேட்கலாம். அவர் இலத்திரனியல் பட்டதாரிதான். ஆனாலும் படத்தை விளம்பரப்படுத்தும்போது, செவ்வாய்க்கு விண்கலம் அனுப்ப இஸ்ரோவுக்குப் பஞ்சாங்கம் உதவியது என்ற மாதிரி ஏதோ சொல்லி, ஊர் சிரித்தது. பிறகு தன் அறியாமை என்று அவரே ஒத்துக்கொண்டார். விஞ்ஞானியாக நடித்தவரிடம் நடிப்பைப் படியுங்கள். பௌதிகவியலுக்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

அதனால் சித்தப்பாவைப் பகைக்காமல் கூட்டத்துக்குள் இழுத்துவிடுங்கள். படம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர் கதைக்கட்டும். படம் அவசரமாகக் கடந்துபோகும் விகாஸ் என்ற ரொக்கட் இயந்திரத்தை அவர் ஆறுதலாகச் சொல்லலாம். அதில் எரிபொருளும், அது எரிய ஒட்சிசன் கொடுக்கும் ஒட்சியேற்றியும் ஒன்றையொன்று தொட்ட உடனேயே பற்றிக்கொள்ளும், தீப்பொறியே வேண்டாம். பிரான்ஸின் வைக்கிங் இயந்திரத்தின் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது அது. 2023இல் சந்திரயான்-3ஐக் கொண்டுபோன ரொக்கட்டிலும் இரண்டு விகாஸ் இயந்திரங்கள் எரிந்தன. சந்திரயான் இறங்கியதைப் போனில் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். கிரையோஜெனிக் என்று வந்தால் திரவ ஐதரசன், பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் என்று தொடங்கினாலே போதும், பின் வரிசையும் நிமிரும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று இன்னொன்றும் உண்டு. பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே நிற்பது போலத் தெரியும் செய்மதிகளால் உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர், பின்னாளில் இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அந்தப் பாதையை நோக்கிப் பாரமான செய்மதிகளை அனுப்பத்தான் இந்தியாவுக்குக் கிரையோஜெனிக் இயந்திரம் தேவைப்பட்டது. அதே கிளார்க் 1950களில் சுவாமி மலைக்குக் கீழே கடலில் சுழியோடி, கோணேசர் கோயிலின் பழைய தூண்களையும் கற்களையும் பார்த்தவர். இதைச் சித்தப்பா விட்டுவிட்டால் நீங்களே எழும்பிச் சொல்லுங்கள்.

படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பொலிஸ் அடிக்கும் காட்சிகளும் உண்டு. பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் கூப்பிட வேண்டாம், இடையில் தேத்தண்ணிக்கு விடுங்கள். படத்தைப் போடும் அனுமதி விஷயத்தை நிலையத் தலைவரிடம் முதலே கதைத்து வையுங்கள். ஏ.எல். சோதனை எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. கிட்டடியில் என்றால் இதெல்லாம் சோதனைக்குப் பிறகு.