தடைப் பட்டியலும் பட்டி ஆடும்: நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்

உண்ணிக் காய்ச்சல், தீவனம், தோல் அரிப்பு பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒதுக்கிவைத்துவிட்டேன். சட்டம் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல, கால்நடை மருத்துவன். நீதிமன்றப் படி ஏறுவதாக இருந்தால் வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இந்த விவகாரத்தில் உத்தரவுகள் அடிக்கடி மாறுகின்றன.

கேள்வி: ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கியிருக்கிறோம். நாய் வளர்ப்பைக் கட்டுப்படுத்தும் எல்லாச் சட்டங்களையும் ரத்து செய்யக் கோரி ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் ஆலோசனை? (பெருந்துறை வாசகர்)

சங்கம் தொடங்கியது நல்லது. மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

உங்கள் முன்னால் இருப்பவை மூன்று தனித்தனிச் சங்கதிகள். முதலாவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள். இரண்டாவது, ஆக்ரோஷமான இனங்கள் என்று சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய தடைக் கடிதம். மூன்றாவது, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்தால் பின்னிரண்டில் உங்களுக்கு இருக்கும் நியாயமும் முதலாவதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

2017 விதிகள் என்ன சொல்கின்றன? மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்காதே. எட்டு வயதுக்கு மேல் சேர்க்காதே. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்காதே. அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்து, பதிவேடு வை. இதில் எதை எதிர்த்து ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்கப் போகிறீர்கள்? பருவத்துக்குப் பருவம் ஈன்று, முலை தொங்கி, முதுகெலும்பு தெரிய என் மேசைக்கு வரும் பெட்டைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விதிகள் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கின்றன.

ஆகவே மனுவின் முதல் பத்தியிலேயே 2017 விதிகளை ஏற்கிறோம் என்று எழுதுங்கள். பதிவுக்கான நடைமுறையை எளிதாக்குங்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு நாயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், மாவட்ட அளவில் முகாம் வைத்துப் பதிவு செய்யுங்கள் என்று கேளுங்கள். இவை நியாயமான கோரிக்கைகள், கிடைக்கவும் கூடும். அதன் பிறகு இனப் பட்டியலுக்கு வாருங்கள்.

இன்னொன்று. சங்கத்தின் பொறுப்பாளர்கள் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். கைப்பேசியிலேயே குட்டி வாங்கி விற்கும் தரகர்களை உறுப்பினராக்கிவிட்டு, நாங்கள் பொறுப்பான வளர்ப்பாளர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விதிகளின்படி தரகரும் பதிவு செய்ய வேண்டியவர்தான்.

கேள்வி: என்னிடம் இரண்டு ராட்வீலர்கள் இருக்கின்றன. தடை என்கிறார்கள், தடை இல்லை என்கிறார்கள். எது உண்மை? (கோவை, வடவள்ளி)

இரண்டும் வெவ்வேறு நேரத்தில் உண்மையாக இருந்தன. ஆபத்தான இனங்கள் பற்றிய ஒரு மனுவின் மேல் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. அதையொட்டி 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறையின் கடிதம் மாநிலங்களுக்குப் போனது: இருபத்து மூன்று இனங்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ அனுமதிக்காதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று. ராட்வீலர் அதில் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல், விதிகளில் சொன்ன வழியைப் பின்பற்றாமல் எடுத்த முடிவு என்பதே காரணம். முறைப்படி எல்லோரையும் கேட்டு அரசு மறுபடி வரலாம். அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நாய்களைப் பார்த்துத் தயாரித்ததாகத் தெரியவில்லை. டோசா என்ற ஒரே ஜப்பானிய இனம் இரண்டு பெயரில் இரண்டு முறை வருகிறது. பேன்டாக் என்பது ஓர் இனமே அல்ல; கலப்பில் பிறந்த காவல் நாய்களுக்கான பொதுப் பெயர். இதை வைத்துக்கொண்டு ஒரு கால்நடை ஆய்வாளர் வீதியில் போகும் நாயை எப்படி அடையாளம் காண்பார்?

ஆனால் 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர்கள் கடித்துக் குதறியதையும் மறந்துவிடாதீர்கள். பட்டியல் தவறு என்பதால் பயம் பொய்யாகிவிடாது. உங்கள் நாய்களுக்கு உள்ளாட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, வெளியே போகும்போது கழுத்துக் கயிறும் வாய்க்கூடும் இருக்கட்டும். கவனக்குறைவால் விலங்கு மனிதருக்குத் தீங்கு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவில் இனப் பெயர் எதுவும் இல்லை. எந்த நாயாக இருந்தாலும் உரிமையாளர்தான் பொறுப்பு. என் கட்சியும் அதுதான்.

கேள்வி: நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு ஆதரவு கேட்டு எங்கள் ஊருக்கும் வந்தார்கள். பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கடித்துப்போடும்போது இவர்கள் எங்கே போனார்கள்? (காங்கேயம் அருகே, ஆட்டு விவசாயி)

இந்த வாரக் கடிதங்களில் முக்கியமானது இதுதான். சங்கக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காக: காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மழை குறைவு. கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும்தான் விளைச்சல். செம்மறியும் மாடும் அதில் மேய்ந்துதான் குடும்பம் நடக்கிறது. இரவில் ஆடுகளைக் காட்டிலேயே பட்டியில் அடைப்பார்கள். நாய்க் கூட்டம் உள்ளே புகுந்தால் பசிக்கு ஒன்றைத் தின்றுவிட்டுப் போவதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட, ஓடுகிற ஒவ்வொன்றையும் கடிக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் தொடையிலும் கழுத்திலும் கிழிபட்ட ஆடுகள் வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பிழைத்தவற்றுக்கும் தையல் போட்டு மருந்து ஊசி போட்டுப் பார்த்தால் பாதி சினை கலைந்துவிடும். இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள்.

இவை பெரும்பாலும் தெருநாய்கள், பதிவு பெற்ற வளர்ப்பாளரின் நாய்கள் அல்ல. கோழிக்கழிவும் செத்த கோழியும் ஓடையோரம் கொட்டப்படும் இடங்களில் கூட்டம் பெருகுகிறது. ஆனால் சலித்துப்போன வீட்டு நாயைக் காரில் கொண்டுவந்து புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்களே? அந்த நாயைக் குட்டியாக விற்றவர் யார்? மைக்ரோசிப் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். வளர்ப்பாளர்களில் சிலருக்கு மைக்ரோசிப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. கொரங்காடு அந்த வரிசையில் இல்லை. உங்கள் பட்டிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

ஆகவே நீங்கள் சங்கத்தாரிடம் நிபந்தனை வையுங்கள். விற்ற நாயை வைத்துக்கொள்ள முடியாதவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் ஒன்றியத்தில் தெருநாய் கருத்தடை மையம் கேட்டு உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். கொங்கு நாட்டில் ஆட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு நாய்க்காரர் எந்த மனுவிலும் ஜெயிக்க முடியாது. சட்டமன்ற உறுப்பினர் யார் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பார்.

கேள்வி: பல்லடம், சிவகிரி பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு என் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. காவலுக்குப் பெரிய இன நாய் வாங்க நினைத்தால் தடை என்கிறார்கள். இது என்ன நியாயம்? (கொடுமுடி)

உங்கள் பயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதியவர்கள் மட்டும் இருக்கும் தோட்டத்து வீடுகள் இங்கே ஏராளம். தடைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் அரசிடம் எடுத்துவைக்க வேண்டிய வலுவான வாதமும் இதுதான். நகரத்துப் பூங்காவுக்கும் ஐந்து ஏக்கர் தோட்டத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

ஆனால் எழுபது வயதுக்காரர் கையில் ஐம்பது கிலோ எடையுள்ள, பழக்கப்படுத்தாத நாயைக் கொடுத்தால் அது காவல் ஆகாது. பால்காரரையும் பேரப்பிள்ளையையும் கடித்த பிறகு பகல் முழுக்கக் கட்டிவைப்பீர்கள்; கட்டிக் கட்டி அது இன்னும் கெடும். ராஜபாளையம், கோம்பை போன்ற நாய்களில் ஒரு ஜோடி, சுற்றிலும் வேலி, ஒரு விளக்கு. குரைத்து எழுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: ஹஸ்கியும் பக் நாயும் வைத்து இனப்பெருக்கம் செய்கிறேன். மாநில அரசு என் இனங்களைத் தடை செய்தால் பிழைப்பு என்னாவது? (பொள்ளாச்சி)

மாநிலக் கொள்கையில் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பதினொரு வெளிநாட்டு இனங்கள் இடம்பெற்றன. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, திபெத்தியன் மாஸ்டிஃப், சௌ சௌ, பக், பிரெஞ்சு புல்டாக் முதலியவை. நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதை எதிர்த்து நீதிமன்றம் போனது.

இதில் நான் உங்களோடு முழுக்க நிற்க முடியாது. சப்பை முகத்து நாய்க்கு மூச்சுக்குழல் வழியே குறுகியது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூச்சே முட்டும் நாய் ஏப்ரல் மாதத்து மின்வெட்டில் என்ன செய்யும்? ஹஸ்கிக்கு இரண்டடுக்கு ரோமம். பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாவது உண்டு. கரூரில் அதே நாயை நினைத்துப் பாருங்கள்.

எதிர்க்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நார்வேஜியன் எல்க்ஹவுண்ட், கீஸ்ஹோண்ட் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. என் மருத்துவமனை வாசலை அவை மிதித்ததில்லை. இல்லாத நாயைத் தடை செய்துவிட்டு, மூக்குத்துளை திறந்த பக் நாயைத் தேர்ந்து வளர்க்க நினைப்பவருக்கு வழியே வைக்காமல் விடுவது சோம்பேறித்தனம். முற்றான தடைக்குப் பதிலாக, இணை சேர்க்கும் முன் மூச்சுப் பரிசோதனைச் சான்று கட்டாயம் என்று கேளுங்கள். அதற்கான மருத்துவக் கருத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சங்கத்தின் பத்துப் பக்கக் கோபத்தைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: கென்னல் கிளப் சான்று இருக்கும்போது தனியாக எதற்குப் பதிவு? (சேலம்)

கென்னல் கிளப் தருவது வம்சாவளிச் சான்று. இனப்பெருக்கத்துக்கு அனுமதி மாநில விலங்குகள் நல வாரியத்தில். ஊருக்குள் நாய் வைத்திருக்க உரிமம் மாநகராட்சியில். மூன்றும் வேறு.

கேள்வி: ஜல்லிக்கட்டுக்குப் போராடியதுபோல் நாமும் மெரினாவில் உட்கார்ந்தால்? (தாராபுரம்)

உட்காரலாம். யார் வருவார்கள்? 2017இல் காங்கேயம் காளையைத் தன் வீட்டு மாடாக எல்லோரும் நினைத்தார்கள். பிட்புல்லை அப்படி நினைப்பவர் குறைவு.

ஆனால் சட்ட வழி கவனிக்கத் தக்கது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவேதான் 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற முடிந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. நாட்டு நாய் இனங்களைக் காக்க அதே வழியில் தனி ஏற்பாடு கேட்பது நடக்காத காரியமல்ல. முயல் வேட்டைக்கு நாய் வளர்க்கிறோம் என்று மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அந்தியூர், கோபி பக்கத்திலிருந்து வந்த இரண்டு கடிதங்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: வெளிநாடுகளில் கென்னல் கிளப்கள் எப்படிச் சமாளிக்கின்றன? (அவிநாசி)

தோல்வியும் உண்டு, வெற்றியும் உண்டு. பிரிட்டனில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடை செய்தது. இன்றுவரை நீங்கவில்லை, எக்ஸ்எல் புல்லி என்ற வகையும் பின்னால் சேர்ந்துகொண்டது. நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் கைவிட்டது, கடி குறையவில்லை என்பதால். கலிபோர்னியாவில் 2007இல் வந்த கட்டாயக் கருத்தடை மசோதாவை வளர்ப்பாளர்களும் கிளப்களும் கூடி எதிர்த்தார்கள். மசோதா அடுத்த ஆண்டு செத்துப்போனது. நெதர்லாந்தை நன்றாகக் கவனியுங்கள். தடையைக் கவிழ்த்தது கடிக் கணக்கு. நம் மாவட்டத்தில் எந்த நாய், எங்கே, எந்தச் சூழலில் கடித்தது என்று எழுதிவைக்கிற பழக்கமே இல்லை. சங்கம் அதைத் தொடங்கலாமே!

கேள்வி: வால் வெட்டாத டாபர்மேனை யாரும் வாங்குவதில்லை. வால் வெட்ட அனுமதியையும் மனுவில் சேர்க்கலாமா? (திருச்செங்கோடு)

வாலும் காதும் அழகுக்காக வெட்டக் கூடாது என்று 2017 விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் கோரிக்கை இருக்கும் தாளில் என் கையெழுத்து இருக்காது.